புகுந்த வீட்டில் பதினைந்து வயது

“குமர் ஒண்டு வீட்டில இருக்கு. ஒரு கையில பிடிச்சுக் குடுத்திட்டால் நிம்மதி.” இடம்பெயர்ந்த குடும்பங்களோடு பழகியவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. தறப்பாள் கொட்டிலுக்குக் கதவில்லை. மலசலகூடத்துக்கு இருட்டில் நடந்து போகவேண்டும். தகப்பன் கூலிக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் திரும்புவார். தாய் விறகுக்கும் தண்ணீருக்கும் அலைவாள். பக்கத்துக் கொட்டிலில் இருப்பவர் எந்த ஊர், என்ன குணம் என்பதே தெரியாது. இப்படியான இடத்தில் வளர்ந்த பெண்பிள்ளையை வைத்திருந்த பெற்றாரின் பயத்தை நாம் குறைசொல்ல வரவில்லை. அந்தப் பயத்தினால் பதினைந்திலும் பதினாறிலும் மணஞ்செய்து கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பின்னர் என்ன நடந்தது என்பதைப் பற்றியே பேச விரும்புகிறோம். அதைப்பற்றி எம்மிடையே பேச்சுக் குறைவு.

இது எமது பழைய வழக்கந்தானே என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. தெற்காசிய நாடுகளுக்குள் பெண்கள் பிந்தி மணம் முடிக்கும் நாடு என்றே இலங்கை அறியப்பட்டது. எமது தாய்மாரிற் பலரும் இருபது வயதைத் தாண்டியே மணம் முடித்தவர்கள். போர்தான் வயதைக் கீழே இழுத்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 1996இல் கிளிநொச்சியிலிருந்தும், 2006இல் மூதூர் கிழக்கிலும் வாகரையிலுமிருந்தும் சனம் வெளியேறியபோது பாடசாலை நின்றது. பாடசாலை நின்ற வீட்டில் கலியாணப் பேச்சுத் தொடங்கியது. வன்னியில் இறுதிப் போர் நடந்த ஆண்டுகளில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. மணமானவர்களைப் போருக்குப் பிடிப்பதில்லை என்ற நம்பிக்கையில், படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டிவைத்தார்கள். பின்னர் மணமானவர்களையும் பிடித்தார்கள். காப்புக்கென்று கட்டிய தாலி காப்பாக இருக்கவில்லை. ஆனால் கட்டிய குடும்பம் கட்டியதாகவே இருந்தது.

வயது குறைந்ததோடு இன்னொரு மாற்றமும் நடந்தது. அதனை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பெண்ணுக்கு வீடு வளவு கொடுப்பது வழக்கம். மட்டக்களப்புப் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அந்த வளவிலோ பக்கத்து வளவிலோ இன்னொரு வீடு போட்டுக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்திலும் சீதன உறுதி பெண்ணின் பெயரிலேயே எழுதப்படும். சீதனத்தினால் எமது பெண்கள் பட்ட துன்பம் பெரிது. அதனை நாம் இங்கு புகழவில்லை. ஆனால் அந்த முறைக்குள் ஒரு நன்மை ஒளிந்திருந்தது. புதிதாக மணமான பெண் தன் தாயின் குரல் கேட்கும் தூரத்தில் இருந்தாள். அடுப்பு அவளுடையது. கணவன் கைநீட்டினால் வேலிக்கு அப்பால் தமையன் இருந்தான். முதற் பிள்ளையைப் பெற்ற தாய்தான் பார்த்தாள்.

இடப்பெயர்வு அந்த வீட்டை எடுத்துவிட்டது. வளவு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது, அல்லது கூரையும் கதவும் இல்லாமற் போனது. உறுதி எங்கோ தொலைந்தது. கலியாணம் மட்டும் நிற்கவில்லை. கொடுக்க வீடில்லாத பெற்றார் பிள்ளையை மாப்பிள்ளை வீட்டுக் கொட்டிலுக்கு அனுப்பினார்கள். எமது ஊர்களில் முன்னர் அவ்வளவாக இல்லாத மாமி வீட்டு வாழ்க்கை இப்படித்தான் பரவியது. அதுவும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அல்ல, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு.

அங்கே அவளது நாள் எப்படிப் போகிறது? பல வீடுகளிற் கண்டதைச் சேர்த்து ஒரு பிள்ளையின் கதையாகச் சொல்கிறோம். பெயர் தேவையில்லை. வாசிப்பவர்களுக்குத் தங்கள் அயலில் ஒரு பெயர் ஞாபகம் வரும்.

பத்தாம் வகுப்போடு நின்றவள். மாப்பிள்ளைக்கு இருபது வயது. உழவு இயந்திரத்தில் மண் ஏற்றும் கூலி. கொட்டிலில் மாமா, மாமி, கலியாணமாகாத மச்சாள் ஒருத்தி, சிறு பையன்கள் இருவர். இளம் சோடிக்கு நடுவில் ஒரு சேலையைக் கட்டி மறைப்பு. முதற் பிரச்சினை சாப்பாட்டில் வந்தது. நிவாரண அட்டையில் அவளுடைய பெயர் தகப்பன் வீட்டு அட்டையில் இருந்தது. மாமி வீட்டு அட்டையில் இல்லை. பெயரை மாற்றப் பதிவு வேண்டும். பதிவுக்கு வயது போதாது. ஆகவே அவளுடைய பங்கு அரிசியும் பருப்பும் முகாமில் தகப்பன் வீட்டுக்கு வந்தது, வாய் மட்டும் இங்கே இருந்தது. “எங்கட அட்டையில இல்லாத ஆளுக்கும் நாங்கள்தான் போடவேணும்” என்று மாமி சுண்டினால் அரிசியை அளக்கும்போது சொல்வது அவளுடைய காதில் விழும்படியாகவே இருக்கும். ஒரு சுண்டு அரிசி இரண்டு குடும்பங்களைப் பகைக்க வைத்ததை நாம் ஒரு முகாமில் மட்டும் காணவில்லை.

விடியற்புறம் குழாய்க்கிணற்றில் வரிசை. பிறகு தேத்தண்ணி, இடியப்பத்துக்கு மா, பையன்களைப் பாடசாலைக்கு அனுப்புவது. தன்னைவிட இரண்டு வயது இளைய மச்சானுக்குச் சீருடை தோய்த்துக் கொடுத்துவிட்டு அவன் புத்தகப் பையோடு போவதைப் பார்த்து நிற்பாள். கச்சான் ஆயும் காலத்திலும் களை பிடுங்கும் காலத்திலும் மாமியோடு கூலிக்குப் போவாள். இருவருடைய கூலியும் மாமியின் கையில் கொடுக்கப்படும். கணவனும் தன் கூலியைத் தாயிடமே கொடுப்பான். கலியாணத்துக்கு முதல் அப்படித்தான் கொடுத்தான், மாற்றவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சவர்க்காரம் வேண்டுமென்றாலும், மாதத்தில் வேண்டிய துணி வேண்டுமென்றாலும் மாமியிடம் கேட்கவேண்டும். கேட்க வெட்கம். சோறு குழைந்தால், “உனக்குக் கொம்மா சோறு வடிக்கவும் பழக்கேல்லையோ?” என்பது. பதினைந்து வயதில் எங்களில் யாருக்குத்தான் ஏழு பேருக்குச் சோறு வடிக்கத் தெரிந்திருந்தது?

கணவன் குடிக்கத் தொடங்கியபின் அடியும் வந்தது. ஒருநாள் இரண்டு பஸ் மாறித் தாயிடம் போனாள். தாய் அழுதாள், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள், பிறகு சொன்னாள்: “பொறுத்துப் போ பிள்ளை. உனக்குப் பின்னால ரெண்டு தங்கச்சி இருக்கினம். நீ திரும்பி வந்திட்டாய் எண்டால் அதுகளை ஆர் கேப்பினம்?” அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பினாள்.

அந்தத் தாய் கல்நெஞ்சக்காரி அல்ல. ஆனால் புகுந்த வீட்டார் செய்த கொடுமைகளைவிட இந்தச் சொல்தான் அந்தப் பிள்ளையை அதிகம் கட்டிப்போட்டது என்பது எமது கருத்து. திரும்பிவர இடமில்லாதவள் என்று மாமி வீட்டார் கண்டுகொண்டால் அதன்பின் அவர்களுக்கு என்ன தடை?

மாமியைப் பற்றியும் நியாயமாகப் பேசவேண்டும். தன் வீடு, கிணறு, பால்மாடு, வெங்காயத் தோட்டம் எல்லாவற்றையும் விட்டு வந்தவள் அவள். ஊரிலே பத்துப் பேர் மதித்து யோசனை கேட்ட பெண்ணுக்கு இன்று அதிகாரம் செலுத்த மிஞ்சியிருப்பது ஒரு சோற்றுப்பானையும் ஒரு மருமகளுந்தான். இது அவள் செய்வதைச் சரியாக்காது. ஆனால் மாமியைக் கெட்டவளாக மட்டும் பார்த்து வைத்தால் அவளோடு பேசித் திருத்தக்கூடிய வாய்ப்பையும் இழந்துவிடுவோம். மருமகளுக்குக் குருதிச்சோகை என்று குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து மாமியிடம் விளங்கப்படுத்தினால், முருங்கையிலையும் முட்டையும் தேடிக் கொடுக்கும் மாமிமாரும் உண்டு.

உடம்பைப் பற்றி ஒரு சொல். பதினெட்டு வயதுக்கு முன் பெண்பிள்ளையின் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இடுப்பெலும்பு முழுதாக அமைந்திராது. அந்த வயதில் கருவுற்றால் தாயும் பிள்ளையும் ஒரே சாப்பாட்டுக்குப் போட்டியிடவேண்டும். குருதிச்சோகை, கருவுற்ற காலத்தில் குருதியமுக்கம் ஏறி வலிப்பு வருதல், பிரசவம் தடைப்படுதல், நிறை குறைந்த குழந்தை என்பன இளம் தாய்மாருக்கே அதிகம். “கலியாணம் முடிச்சு ஆறு மாதமாச்சு, இன்னும் ஒண்டுமில்லையோ?” என்று கேட்பவர்கள் இதனை மனதில் வைத்திருக்கவேண்டும். ஏற்கெனவே மணமான பிள்ளை என்றால் முதற் பிள்ளையைப் பிற்போடுவதும், இரண்டாவதுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி விடுவதும் அவளது உயிரைக் காக்கும். வயது குறைந்தவள் என்று ஏசுவார்கள், பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து கிளினிக்குக்குப் போகாமல் விடுவது மிகவும் ஆபத்தானது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். முஸ்லிம் மக்களுக்கு 1951ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. இங்கு நாம் சொல்வது பொதுச் சட்டத்தை. 1995 வரை அந்தச் சட்டத்தில் பெண்ணின் ஆகக்குறைந்த வயது 12ஆக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1995இல் செய்த திருத்தத்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 என்றாகியது. தாய் தகப்பன் சம்மதித்தால் பதினாறிலும் பதியலாம் என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். முடியாது. பெற்றார் ஒப்பமிட்டாலும் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் திருமணம் செல்லாது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் அப்படியே தீர்ப்பளித்துள்ளது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உறவு கொள்வது, அவள் விரும்பினாலுங்கூட, குற்றவியற் சட்டத்தில் பாரிய குற்றம். ஆகவே பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்லிக் காரியத்தை முடிப்பவர்கள், மாப்பிள்ளையையும் மறியலுக்குப் போகக்கூடிய நிலையில் வைக்கிறார்கள்.

செல்லாத திருமணத்தால் வரும் பாதிப்பு, கணவன் இருக்கும்வரை தெரியாது. அவன் போனபின்தான் தெரியும். கோயிலடியில் தாலி கட்டியதற்குச் சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் இறந்தும் சிதறியும் போனார்கள். 2009க்குப் பின் கணவனை இழந்த, அல்லது கணவனைத் தேடித் திரிந்த இளம் பெண்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலிற் கேட்கப்பட்டது விவாகச் சான்றிதழ். அது இல்லாதவள் மனைவி என்று சொல்ல முடியாமல், விதவை என்றும் சொல்ல முடியாமல் நின்றாள். பிள்ளையின் பிறப்புப் பதிவிலும் சிக்கல். பெற்றார் மணமுடிக்காதவர்கள் என்றால், தகப்பனும் தாயும் சேர்ந்து கேட்டு ஒப்பமிட்டாலன்றித் தகப்பன் பெயரைப் பதியமாட்டார்கள். தகப்பன் அந்நேரம் எங்கோ?

இதற்கு ஒரு வழி உண்டு. சிறுவயதில் தாலி கட்டியவர்கள் இருவரும் 18ஐத் தாண்டியவுடன் விவாகப் பதிவாளரிடம் போய்ப் பதிந்துகொள்ளலாம். வேறு மணத்தடை எதுவும் இல்லாதவிடத்து, அதற்கு முன் பிறந்த அவர்களது பிள்ளைகளும் அப்பதிவினால் சட்டபூர்வமான பிள்ளைகளாவர். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். பிறப்பே பதியப்படவில்லை என்றால் காலங்கடந்த பதிவுக்கான வழியைக் கிராம அலுவலர் காட்டுவார். “அவருக்கு நேரமில்லை, பிறகு பாப்பம்” என்று தள்ளிப்போட்டு வந்த குடும்பங்களில்தான் பின்னர் அழுகை. மணமான மகள் 18 வயதை அடையும் நாளைப் பெற்றார் கலண்டரிற் குறித்து வைத்திருந்து தாமே அழைத்துப் போகவேண்டும். ஆனால் அவன் அடிப்பவன், அவள் அவனோடு வாழ விரும்பவில்லை என்றால், பதிவு செய் என்று அவளை யாரும் தள்ளக்கூடாது. அந்த வயதில் முடிவு அவளுடையது. பதியாமல் பிரிந்து போக அவளுக்கு முழு உரிமை உண்டு.

அடி உதை நடக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உதவும். இதற்குப் பதிவுத் திருமணம் அவசியமில்லை. சேர்ந்து வாழ்ந்தாலே போதும். கணவனுக்கு எதிராக மட்டுமன்றி, கொடுமை செய்யும் அவனது பெற்றாருக்கு எதிராகவும் கேட்கலாம். அடிப்பது மட்டுமல்ல, மனதை வதைப்பதும் அச்சட்டத்தில் அடங்கும். நீதவான் நீதிமன்றத்தில் அவளோ, அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரோ விண்ணப்பிக்கலாம். சிறுவயதினள் என்றால் பெற்றாரும் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் கொடுக்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். “மருமகனை மறியலுக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்?” என்று பெற்றார் தயங்குகிறார்கள். இந்தக் கட்டளை அவனை மறியலுக்கு அனுப்புவதல்ல. கிட்ட வராதே, தொடாதே என்று தடுப்பது. அதை மீறினால்தான் தண்டனை. கைவிட்டுப் போன கணவனிடம் தனக்கும் பிள்ளைக்கும் செலவுக்குப் பணம் கேட்க 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மனைவி என்று கேட்பதற்குத்தான் செல்லுபடியான திருமணம் வேண்டும். பிள்ளைக்கு அது தேவையில்லை, தகப்பன் யார் என்று காட்டினாற் போதும். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938, சிறுவர்களுக்கானது 1929. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். முதல் முறை போகும்போது தனியே அனுப்பாமல் கூடப் போங்கள். அலுவலக வாசல்வரை வந்து பயந்து திரும்பிய பிள்ளைகள் பலர்.

மீண்டும் வீட்டுக்கும் காணிக்கும் வருகிறோம், ஏனென்றால் நாம் கமக்காரர். மகளுக்கு வீடு கொடுக்க இயலாவிட்டாலும் அவளுடையது என்று சொல்ல ஏதாவது கொடுக்கலாம். தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட வடபகுதிப் பெண்களுக்கு, 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, சீதனமாகக் கொடுத்தது கணவனின் சொத்தல்ல, அவளது தனிச்சொத்து. காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்ற குறை அதிலுண்டு. அவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். நகை, மாடு போன்ற அசையும் பொருளுக்கு அந்தச் சம்மதமும் தேவையில்லை. ஆகவே ஒரு பசுக்கன்றைக் கொடுத்தாலும் மருமகனின் குறியைச் சுடாமல் மகளின் குறியைச் சுட்டுக் கொடுங்கள். சிறிய பேச்சுத்தான், ஆனால் பால் விற்ற காசை யார் எண்ணுவது என்பதை அந்தக் குறிதான் தீர்மானிக்கும்.

வன்னியிற் குடியேற்றத் திட்டக் காணி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அந்தப் பெர்மிட் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. பின்னுரித்தாளரை நியமிக்காமல் தகப்பன் இறந்தால், முன்பு ஆண்பிள்ளைகளே முந்தினார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. எப்படியாயினும், உயிரோடு இருக்கும்போதே மகளைப் பின்னுரித்தாளராக நியமிக்கத் தகப்பனுக்கு எப்போதும் உரிமை உண்டு. நியமித்தீர்களா?

பாடசாலையை விட்ட பிள்ளைக்கு வழி அடைபட்டுவிடவில்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம். கைக்குழந்தையோடு எழுதிச் சித்தியடைந்த தாய்மார் இருக்கிறார்கள். புகுந்த வீட்டார் இதற்கு உடனே சம்மதிக்கமாட்டார்கள். தையலோ கணினியோ பழகி உழைப்பாள் என்றால் சம்மதிப்பார்கள். அந்த உழைப்பு யார் கைக்குப் போகும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

கடைசியாக எமது மாதர் சங்கங்களைப் பற்றி ஒரு குறை. பெரும்பாலான இடங்களில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அங்கத்தவர் என்று விதி வைத்திருக்கிறோம். அந்த ஓர் அங்கத்தவர் யார்? மாமிதான். கூட்டத்துக்கு மாமி வருவார், கடன் மாமி பெயரில் வரும், சேமிப்புப் புத்தகமும் மாமி பெயரில். வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் பதினேழு வயது மருமகளை நாம் ஒருபோதும் காண்பதில்லை. பெண்களின் துன்பம் பற்றி நாம் கூடிப் பேசும் கூட்டத்திலேயே மிகவும் துன்பப்படுகிறவள் இல்லை. மணமான ஒவ்வொரு பெண்ணும் தன் பெயரில் அங்கத்தவராகலாம் என்று விதியை மாற்றவேண்டும். கிழமைக்கு இருபது ரூபாவானாலும் அவளது பெயரில் ஒரு சேமிப்புப் புத்தகம் இருக்கவேண்டும். மாமிமார் விடமாட்டார்கள் என்று சொல்வீர்கள். தாய் சேய் கிளினிக் நடக்கும் நாளில், அதே மரத்தடியில் கூட்டத்தை வையுங்கள். அன்றைக்குக் கைக்குழந்தையோடு அவள் வெளியே வருவதை எந்த மாமியும் தடுப்பதில்லை.